சங்கத்தின் பின்னறை யாருக்கு?

நம் சங்கக் கட்டடத்தின் பின்புறத்து அறை சென்ற தை மாதத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. குடிநீர்க் கேன் வியாபாரி ஒருவர் அதைக் கிடங்காக வைத்துக்கொள்ள மாதம் 8,000 ரூபாய் வாடகைக்குக் கேட்கிறார். முன்பணமும் தருவதாகச் சொல்கிறார். அதே அறையைத் தங்களுக்கு விட வேண்டும் என்று நம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டுச் செயற்குழுவிடம் ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பழைய கம்ப்யூட்டர்களையும் பழுதான மின்சாதனங்களையும் பிரித்துப் பார்க்கவும், புதிதாகச் சிலவற்றைச் செய்து பார்க்கவும் இடம் வேண்டுமாம். வாடகை தர அவர்களிடம் பணமில்லை.

செயற்குழுவில் ஒரு பெரியவர் எழுந்து, "கடையில் கொடுத்தால் இருநூறு ரூபாயில் முடிகிற ரிப்பேரை, பிரித்துப் போட்டு விளையாட ஓர் அறையா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மாதம் எட்டாயிரம் என்றால் ஆண்டுக்கு 96,000 ரூபாய். நம் கல்வி உதவி நிதி எந்த நிலையில் இருக்கிறது என்பது சந்தா கட்டுகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வதானால், ஏன் என்று உறுப்பினர்களுக்கு விளக்கம் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். நான் அந்த மனுவை ஆதரிக்கிறேன். என் காரணங்களை இங்கே வைக்கிறேன். பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மனுவில் "ஹேக்கர்ஸ்பேஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் இரண்டு மூன்று பேர் திடுக்கிட்டார்கள். பத்திரிகைகளில் ஹேக்கர் என்றால் பாங்கிக் கணக்கில் புகுந்து பணம் திருடுகிறவன். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடத்தில் அதற்குப் பொருள் வேறு. மூடியிருக்கும் பெட்டியைத் திறந்து, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, அதை வேறு விதமாகவும் ஓட வைக்கிறவன்தான் ஹேக்கர். நம் தெரு முனையில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் பொருளில் ஹேக்கர்கள்தாம். அந்தப் பட்டம் தங்களுக்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி, இந்தப் பிள்ளைகள் எந்த இயக்கத்தைப் பார்த்து இதைக் கேட்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்கிறார்கள். இதன் தொடக்கமே ஒரு ரிப்பேர்த் தகராறுதான் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்வி நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்றொரு புரோகிராமர் இருந்தார். அங்கிருந்த அச்சு இயந்திரத்தில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால், அச்சுக்குக் கொடுத்தவர்களுக்கெல்லாம் தகவல் போகும்படி அதன் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு புதிய லேசர் அச்சு இயந்திரம் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. திருத்தலாம் என்றால், மென்பொருளின் மூலத்தை, அதாவது மனிதர் எழுதிப் படிக்கும் வடிவத்தை, கொடுக்க மறுத்துவிட்டார்கள். அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரைத் தேடிப் போய்க் கேட்டார். "யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்" என்று அவரும் கைவிரித்தார்.

இயந்திரம் கண் முன்னே நிற்கிறது, திருத்தக் கையும் இருக்கிறது, ஆனால் விவரம் பூட்டப்பட்டிருக்கிறது! நம்மில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஆத்திரத்தை விளக்க வேண்டியதில்லை. எந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டாலும் வேலை தொழிலாளியின் கையில் இருக்கும், வரைபடம் மேலே யாருடைய பீரோவிலோ இருக்கும். ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம் என்ற உரிமைகளைச் சட்டபூர்வமான உரிமமாக 1989-இல் எழுதி வெளியிட்டார். 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸை எழுதத் தொடங்கி, மறு ஆண்டில் அதே உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இன்று நம் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் ஓடுவது அந்த லினக்ஸின் மேல்தான்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு என்ன என்பதைச் சொல்லத்தான், இந்த மனுவை எழுதிய தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் கோலார் தங்கவயல்காரர். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை உடைத்தவர். அப்பா பிட்டர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டதும், மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அதுவும் ஒன்றாயிற்று. ரயில்வேயில் இருக்கிற எனக்கு அந்த வண்டியின் கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. தம்பி டிப்ளமோ படித்து, கம்ப்யூட்டர்களுக்கு ஒயர் இழுக்கும் வேலையில் சேர்ந்து, இன்று புரோகிராமராக இருக்கிறார். எங்கே புரோகிராம் எழுதக் கற்றாய் என்று கேட்டேன். "கூட்டங்களில்தான் அண்ணா. சனிக்கிழமை பயனர் குழுக் கூட்டம் இருக்கும். காசு கேட்க மாட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். முதலில் அதற்காகத்தான் போனேன்" என்றார். இந்த மாதிரி உண்மை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

பெங்களூருக்கு இந்தக் கூட்டங்கள் புதிதல்ல. லினக்ஸ் பெங்களூர் என்ற பெயரில் 2001-இல் தொடங்கிய மாநாடு, பிறகு ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாறி 2012 வரை நடந்தது. பைத்தான் மொழிக்காரர்களின் முதல் இந்திய மாநாடு 2009-இல் இங்கேதான், இந்திய அறிவியல் கழகத்தில் கூடியது. அண்மை ஆண்டுகளில் இண்டியாஃபாஸ் என்ற மாநாடு நடக்கிறது. தமிழிலும் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் பல ஆண்டுகளாக உண்டு. 2012 முதல் "கணியம்" என்ற மின்னிதழ் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி, யாரும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்து வெளியிடுகிறது. ஆங்கிலம் வராது என்று ஒதுங்கி நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறோமா?

ஒரு மாநாட்டுக்கு என்னையும் தம்பி அழைத்துப் போனார். எந்த மாநாடு என்பது முக்கியமல்ல. நுழைவுக் கட்டணம் ஆயிரத்துக்கு மேல். தொண்டராக வேலை செய்தால் கட்டணம் இல்லை என்பதால், தம்பி இரண்டு நாளும் பெயர் பதியும் மேசையில் நின்றார். அவர் தயவில் நான் உள்ளே போனேன். மேடையில் எல்லாம் ஆங்கிலம். எனக்கு பாதி புரிந்தது, மீதி புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் மேடையை விட வராந்தாவில்தான் காரியம் நடக்கிறது என்பதைப் பார்த்தேன். பெரிய கம்பெனியின் பொறியாளர் ஒருவரும் இரண்டாம் ஆண்டு கல்லூரிப் பையன் ஒருவனும் தரையில் உட்கார்ந்து ஒரே மடிக்கணினியைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சார்" என்ற சொல்லையே காணோம். நம் சங்கக் கூட்டங்களில் மைக்கைப் பிடிக்க என்ன பாடு, முன்வரிசை நாற்காலிக்கு என்ன பாடு! அந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

அந்த மண்டபத்தில் தமிழ் என் காதில் விழுந்த இடங்கள் இரண்டு. ஒன்று, வராந்தாவில் பேசிக்கொண்டிருந்த சில பொறியாளர்கள். மற்றொன்று, துடைப்பமும் வாளியுமாகச் சுவரோரம் நின்ற அம்மாமார்கள். அவர்களில் ஒருவர் நம் சங்க உறுப்பினர்தான். "உள்ளே என்னண்ணே நடக்குது? நம்ம பசங்க வரலாமா?" என்று கேட்டார். அவருடைய மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு படிக்கிறான். வரலாம் என்று சொன்னேன். டிக்கெட் விலையைக் கேட்டார். சொன்னேன். பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திறந்த மூலம் என்று பெயர் வைத்தால் மட்டும் கதவு திறந்துவிடாது என்று நான் சொல்வது இதனால்தான். எல்லா ஊரிலும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் ஆண்டுதோறும் ஃபாஸ்டெம் என்ற மாநாடு கூடுகிறது. ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். கட்டணமும் கிடையாது, பெயர் பதிவும் கிடையாது. நேராக உள்ளே போய் உட்காரலாம். அப்படியும் நடத்த முடிகிறது.

நிற்க. தம்பி அந்த மாநாட்டில் பத்து நிமிடம் பேசினார். எதைப் பற்றி என்று கேட்டால் நம் தாய்மார்கள் சிரிப்பார்கள். குழாய்த் தண்ணீரைப் பற்றி! அவர் குடியிருக்கும் சந்தில் காவிரித் தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள் வரும், அதுவும் இரவு ஒரு மணிக்கோ மூன்று மணிக்கோ வரும். வீட்டுக்கு ஒரு பெண் விழித்திருக்க வேண்டும். காலையில் அதே பெண் நாலு வீட்டு வேலைக்கும் போக வேண்டும். தம்பி செய்தது ஒரு மணி. குழாயின் அடியில் ஒரு கிண்ணம், அதில் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு செம்புக் கம்பிகள். தண்ணீர் விழுந்து கிண்ணத்தில் நின்றதும், அதன் வழியாக ஒரு கம்பியிலிருந்து மற்றதற்கு மிகச் சிறிய மின்சாரம் பாய்கிறது. அந்தச் சிறு மின்சாரம் ஒரு டிரான்சிஸ்டரைத் திறந்து விடுகிறது. டிரான்சிஸ்டர் திறந்தால் பஸ்ஸர் கத்துகிறது. தண்ணீர் வராத நேரத்தில் மின்சாரம் ஓடுவதே இல்லை என்பதால் ஒரு 9 வோல்ட் பேட்டரி பல மாதம் தாங்கும். கம்ப்யூட்டர் தேவையில்லை, இன்டர்நெட் தேவையில்லை. எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கினால் நூறு ரூபாய்க்குள் அடங்கும். சந்தில் ஏழு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

இதை மாநாட்டில் படம் போட்டுக் காட்டியபோது ஒருவர் எழுந்து, கம்பி சீக்கிரம் பச்சைப் பிடித்துக் கெட்டுப் போகுமே என்று கேட்டாராம். தண்ணீருக்குள் ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்தால் செம்பு அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடலாம், அல்லது விட்டு விட்டு மின்சாரம் பாயும்படி சர்க்யூட்டை மாற்றலாம் என்று வழியும் சொன்னார். அன்றே வராந்தாவில் உட்கார்ந்து மாற்றிய வரைபடத்தையும் போட்டுக் கொடுத்தார். தம்பி சந்துக்குத் திரும்பி வந்து கம்பியை மாற்றப் போனால், மூன்றாவது வீட்டுக் கிழவி சொல்கிறாள்: "அது பச்சை பிடிச்சு ரெண்டு வாரமாச்சுப்பா. நான்தான் வாராவாரம் புளி போட்டுத் தேய்ச்சு வெக்கிறேன்." குறையை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். யாரும் அவளைக் கேட்கவில்லை. மாநாட்டில் கேட்ட மனிதர் அந்தச் சந்தில் வந்து உட்கார்ந்திருந்தால், அல்லது அந்தக் கிழவி மாநாட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தால், இரண்டு வாரம் முன்னாலேயே வேலை முடிந்திருக்கும். பின்னறை அந்த இரண்டு பேரும் சந்திக்கிற இடமாக இருக்கட்டும் என்பதே என் கட்சி.

இந்தப் பட்டறைகளை நடத்துவதில் மூத்தவர்கள் ஜெர்மானியர்கள். அங்கே கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற சங்கம் 1981-இல் தோன்றியது. 1984 முதல் ஆண்டுக் கடைசியில் மாநாடு கூட்டுகிறது. பெர்லினில் சீ-பேஸ் என்ற பட்டறை 1995 முதல் நடக்கிறது. 2007-இல் அங்கே போய்ப் பார்த்த அமெரிக்கர்கள் ஊர் திரும்பி, சான்பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் இதே மாதிரி இடங்களைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு இரண்டு ஜெர்மன்காரர்கள், இப்படி ஓர் இடம் நடத்துவதற்கான அனுபவக் குறிப்புகளை எழுதி வெளியிட்டார்கள். தம்பி அதை எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, இருபது வருடமாகச் சங்கம் நடத்துகிற எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எந்தக் கிழமை வைத்தாலும் யாராவது ஒருவர் வர முடியாது என்பார், ஆகவே விவாதிக்காமல் செவ்வாய்க்கிழமை என்று வைத்துவிடு என்கிறது ஒரு குறிப்பு. இடமில்லை என்று எந்த நண்பன் வந்து கெஞ்சினாலும் பட்டறையில் குடியிருக்க விடாதே, ஒரு நாள்கூட விடாதே என்கிறது மற்றொன்று. நம் சங்கக் கட்டடத்தில் "ஒரு வாரம்" என்று வந்து மூன்று வருடம் இருந்தவரை நினைவிருக்கிறதா? ஜெர்மனியிலும் அவருக்கு ஓர் அண்ணன் தம்பி இருந்திருக்கிறார் போலும்.

பெங்களூரிலும் இத்தகைய பட்டறைகள் இருந்திருக்கின்றன. தமிழர் நிறைந்த ஹலசூரில், மெட்ரோ நிலையக் கட்டடத்திலேயே ஒன்று நடந்தது. அந்த நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிற நம்மவர்களில் எத்தனை பேர் அதற்குள் கால் வைத்தோம்? கண்ணாடிக் கதவைப் பார்த்தாலே இது நமக்கல்ல என்று கால் தானாகத் திரும்பிவிடுகிறது. சங்கத்துக் கதவு அப்படியல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர யாரும் கூச்சப்படுவதில்லை. நம்மிடம் வேறென்ன சொத்து இருக்கிறதோ இல்லையோ, இது இருக்கிறது.

குடிசைப் பகுதிப் பிள்ளைகளால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இதே ஊரில் பதில் இருக்கிறது. பன்னர்கட்டா சாலைப் பக்கத்துக் குடிசைப் பகுதி ஒன்றில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொண்டர்கள், அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையம் தொடங்கினார்கள். பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டு, வார விடுமுறையில் வந்து கற்றுக் கொடுத்தார்கள். அங்கே சிறுவர்கள் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படம் வரையக் கற்றார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருந்தால் அந்தத் தெருவுக்கு அது வந்தே இருக்காது. கேரளத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம். 2025-26 கல்வி ஆண்டில் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாயிற்று. அதற்கென 29,000 கருவிப் பெட்டிகள் பள்ளிகளுக்குப் போயின. அங்கே அரசு செய்வதை, அயல் மாநிலத்தில் பிழைக்க வந்த நம் பிள்ளைகளுக்கு யார் செய்வது?

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த இயக்கத்தின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் தொழிற்சங்கக்காரன் அல்ல. இலவசம், தொண்டு, பகிர்வு என்று பேசுவதெல்லாம் நல்லதுதான். ஆனால் தொண்டு செய்தவன் பசியோடு இருக்க, அந்தத் தொண்டை எடுத்து விற்றவன் கொழுத்த கதையும் இதில் உண்டு. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற திறந்த மூல மென்பொருள், இணையத்தில் நாம் பணம் கட்டும்போது விவரம் வெளியே தெரியாமல் காப்பது. உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகள் அதைப் பயன்படுத்தின. 2014-இல் அதில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு உலகமே பதறியது. அப்போதுதான் தெரிந்தது, அதைப் பராமரித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர், அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் என்று! இன்னொரு பக்கம், லினக்ஸை வைத்து வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019-இல் 34 பில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆகவே, நம் பிள்ளைகள் அங்கே போகும்போது, தங்கள் உழைப்புக்கு விலை கேட்கவும் தெரிந்தே போக வேண்டும். "அனுபவம் கிடைக்கும், சம்பளம் கிடையாது" என்று சொல்லும் கம்பெனிக்காரனிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது. சந்துக்கு மணி செய்து கொடுப்பது வேறு, கோடீஸ்வரனுக்கு ஓசியில் மென்பொருள் எழுதுவது வேறு. பட்டறையில் சால்டரிங் கற்றுத் தருவதோடு இதையும் சொல்லித் தர வேண்டும். அது என் பொறுப்பு. ஏற்றுக்கொள்கிறேன்.

இதில் நம் வயிற்றுப்பாடும் இருக்கிறது. நம் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் செல்போன் ரிப்பேர்க் கடைகளில் வேலை செய்கிறார்கள்? பத்தாவதோடு நின்று, கடை முதலாளியிடம் இரண்டு வருடம் டீ வாங்கிக் கொடுத்துத் தொழில் கற்றவர்கள். அவர்கள் விரல் செய்கிற வேலையைப் பார்த்தால் பொறியாளர்களே வியப்பார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் கதவு மெல்ல மெல்ல மூடப்படுகிறது. இப்போது வரும் சில போன்களில் வேறொரு போனின் திரையையோ பேட்டரியையோ கழற்றி மாட்டினால், அசல் பொருளாக இருந்தாலும் போன் ஏற்க மறுக்கிறது. உதிரிப் பாகத்தையும் போனையும் மென்பொருளால் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்கும் அதிகாரம் கம்பெனிக்கு மட்டும்தான். கையில் தொழில் இருந்தும் மென்பொருள் தெரியாததால் நம் பையன் தோற்கிறான். மத்திய அரசின் நுகர்வோர் துறை இது பற்றி 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. நல்லது. ஆனால் அது இணையதளம், சட்டம் அல்ல. சேவை மையத்தின் முகவரியை வெளியிடுவது வேறு, போர்டின் வரைபடத்தை வெளியிடுவது வேறு.

வரைபடத்தை வெளியிட்டால் தொழில் அழிந்துவிடும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. இத்தாலியில் 2005-இல் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஆர்டுயினோ போர்டின் வரைபடம் முதலிலிருந்தே வெளியில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துச் செய்யலாம். செய்கிறார்கள். அதனால்தான் எஸ்.பி. ரோட்டில் அசலின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அதே போர்டு கிடைக்கிறது, நம் பையன் கையிலும் வந்து சேர்கிறது. அசலைச் செய்தவர்கள் ஒன்றும் அழிந்து போகவில்லை.

செல்போன் கடைப் பையனுக்குக் கை இருக்கிறது, தம்பிக்கு மென்பொருள் தெரிகிறது, ஐ.டி.ஐ. பையனுக்கு ஒயரிங் தெரிகிறது. மூவரும் ஒரே தெருவில் இருந்தும் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்ததில்லை. ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் படிப்பகம் என்று ஓர் அறை பிடித்து, ஒரே ஒரு நாளிதழை வாங்கிப் போட்டு, எழுத்தறியாத நாற்பது பேருக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினார்கள். அந்த அறைக்கும் வாடகை உண்டு. அதைக் கிடங்குக்கு விட்டிருந்தால் அன்றும் லாபம்தான். என் தந்தை எழுத்துக் கூட்டியது அப்படியொரு படிப்பகத்தில்.

ஆட்சேபங்களுக்கு வருகிறேன். மின்சாரமும் சூடும் உள்ள இடம், ஆபத்து என்கிறார்கள். உண்மை. ஈயப் புகையும் நல்லதல்ல. ஜன்னலில் புகை வெளியேற்றும் விசிறி, தனி டிரிப்பர், மணல் வாளி, இவை இல்லாமல் திறக்கக் கூடாது. நம் குடும்பங்களில் சிலர் பழைய சாமான் தொழிலில் செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். அந்த வேலைக்கு இந்த அறையில் இடம் இல்லை என்று எழுதியே ஒட்ட வேண்டும். பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். காலை நேரம் அவர்களுக்கு. சாவி இரண்டு பேரிடம், அதில் ஒன்று மகளிர் அணியிடம். கன்னடக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால்? வரட்டும். அதே சந்தில் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்தானே.

வாடகை இழப்பு ஒன்றுதான் வலுவான ஆட்சேபம். அதற்கு என் யோசனை: ஆறு மாதத்துக்கு மட்டும் அறையைப் பிள்ளைகளுக்கு விடுவோம். நாம் இழப்பது 48,000 ரூபாய். ஆண்டு விழாவில் பொன்னாடைக்கும் பேனருக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிட்டதைச் சென்ற ஆண்டுக் கணக்கில் பாருங்கள், நான் மேலும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் உறுப்பினர் வீட்டுச் சாமான்களைப் பிள்ளைகள் கூலியில்லாமல் பழுது பார்ப்பார்கள். என்ன வந்தது, என்ன சரியாயிற்று, என்ன சரியாகவில்லை என்று நோட்டில் எழுதுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் பொதுக்குழு முன் வைப்போம். நோட்டில் ஒன்றும் இல்லையென்றால் கேன் வியாபாரிக்குச் சாவியைக் கொடுக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன்.

தொடங்குவதற்கு வேண்டியவை: இரண்டு சால்டரிங், இரண்டு மீட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட், ஒரு பழைய கம்ப்யூட்டர், நீண்ட மேசை ஒன்று. மேசை நம்மிடமே இருக்கிறது, கேரம் போர்டு வைத்திருப்பது. கம்ப்யூட்டரைத் தம்பி தருகிறார். மற்றவற்றுக்கு ஐயாயிரம் ரூபாய் போதும். என் பங்காக ஆயிரம் ரூபாயைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.

பொதுக்குழு வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஓட்டெடுப்புக்கு முன் அரை மணி நேரம் பிள்ளைகள் தங்கள் வேலையைச் செய்து காட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். தலைவரும் சரி என்று சொல்லிவிட்டார். வீட்டில் பரண் மேல் கிடக்கும் ரேடியோவோ இஸ்திரிப் பெட்டியோ இருந்தால் எடுத்து வாருங்கள். பெயர் எழுதி ஒட்டிக் கொண்டு வரவும். மிக்சி கொண்டு வருபவர்கள் ஜாரை வீட்டிலேயே விட்டுவிடலாம், மோட்டார் மட்டும் போதுமாம்.